மொரீசியஸில் மறைப்பணி: ‘அப்போ நீ தமிழ் இல்லையே’ என்றார் பாட்டி, நான் என்ன சொல்ல?

முத்துக்கரை_பிரதர் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர்க்காரன், வயது 25. குருத்துவப் படிப்புக்கு நடுவில் ரீஜென்சி என்று ஒரு பணிக்காலம் உண்டு, அதற்காக எங்கள் சபை என்னை மொரீசியஸுக்கு அனுப்பியது. போன நவம்பரில் வந்தேன், கியூர்பிப்பில் தங்கியிருக்கிறேன். இங்கே மனம் விட்டுத் தமிழில் பேச ஆள் இல்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலையில் நாலே முக்காலுக்கு எழுந்து தியானம், ஆறே காலுக்குத் திருப்பலி. பெரும்பாலும் பிரெஞ்சு, சில நாள் கிரியோல், அதாவது பிரெஞ்சிலிருந்து பிறந்த இந்தத் தீவின் பேச்சுமொழி. அப்புறம் ரொட்டியும் தேநீரும். பத்து மணிக்கு மேல் ஒரு வயதான ஆசிரியரிடம் கிரியோல் படிக்கிறேன். மதியத்துக்கு மேல் வீடு சந்திப்பு, வியாழக்கிழமை முதியோர் இல்லம், சாயங்காலம் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி. மேட்டு நிலம் என்பதால் இங்கே ஜூலை, ஆகஸ்டில் குளிரும், மழையும் சேர்ந்தே இருக்கும். துவைத்த அங்கி மூன்று நாளாகியும் காயாது. கடலும் வெயிலுமாக வளர்ந்தவனுக்கு இதுவே பெரிய சோதனையாக இருந்தது, இப்போது பழகிவிட்டது. பிப்ரவரியில் புயல் எச்சரிக்கை மூன்றாம் எண்ணுக்குப் போனபோது கதவை அடைத்துக்கொண்டு ஒன்றரை நாள் உள்ளேயே இருந்தோம், அன்றைக்குத்தான் நான் முதல் முறையாகப் பயந்து ஜெபித்தேன்.

விஷயம் இதுதான். தமிழர்கள் இருக்கும் நாடு, மொழிப் பிரச்சினை இருக்காது என்று நினைத்து வந்தேன். வந்து பார்த்தால் முகமெல்லாம் நம்ம ஊர் முகம். பெயரும் அப்படித்தான், வீரப்பன் ‘வீராப்பேன்’ என்றும் முத்து ‘மூத்தூ’ என்றும் ஆகியிருக்கிறார்கள். ஆனால் வாயைத் திறந்தால் கிரியோல். நான் தமிழ் என்று சொன்னதும் சந்தோஷமாக அடுத்த கேள்வி வரும்: “எந்தக் கோவிலுக்குப் போறே? காவடி எடுப்பியா?” நான் கிறிஸ்தவன் என்றால் குழம்பிப்போகிறார்கள்.

முதியோர் இல்லத்தில் ஒரு பாட்டி. எண்பது தாண்டியவர், கண் பார்வை குறைவு. நான் இந்தியாவிலிருந்து வந்த தமிழ்ப் பையன் என்று நர்ஸ் சொல்லிவிட்டார். பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அவருக்குத் தெரிந்த தமிழ் என்பது ‘அம்மா’, ‘தாத்தா’, ‘வா’, ‘சாமி’ மாதிரி இருபது முப்பது சொல்தான், அதையெல்லாம் ஒவ்வொன்றாக என்னிடம் சொல்லிக் காட்டினார். அப்புறம் முருகன் பாட்டு ஒன்று பாடு என்றார். எனக்கு உண்மையிலேயே தெரியாது. தெரிந்திருந்தாலும் நான் பாடலாமா என்று உள்ளே ஒரு தயக்கம். கடைசியில் என் உடைந்த கிரியோலில், நான் கிறிஸ்தவன் பாட்டி, பங்குக் கோவிலில் வேலை செய்கிறேன் என்றேன். அவர் கையை எடுத்துக்கொண்டார். “அலோர் தோ பா தமூல்” என்றார். அப்போ நீ தமிழ் இல்லையே என்று. கோபமே இல்லை, ஏதோ தொலைத்துவிட்ட மாதிரிச் சொன்னார்.

அந்தச் சொல் பத்து நாளாக என்னை விடவில்லை. எங்கள் ஊரில் பூசை தமிழ், ஜெபமாலை தமிழ், ஒப்பாரியும் தமிழ், என் அம்மா மாதாவோடு சண்டை போடுவதும் தமிழில்தான். தமிழும் விசுவாசமும் எனக்கு இரண்டாக இருந்ததே இல்லை. இங்கே வந்து ஒன்றை வைத்துக்கொண்டால் மற்றதை விட வேண்டும் என்கிறார்கள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சில் ஜெபிக்கும்போது வாய் அசைகிறது, மனம் அசையவில்லை. கோவிலில் எல்லாரோடும் முழங்காலில் இருக்கும்போது நான் மட்டும் வெளியே நிற்கிற மாதிரி இருக்கிறது. இது என் அழைத்தலிலேயே குறையா?

போன வியாழன் வேறு வேலை என்று சொல்லி இல்லத்துக்குப் போகவில்லை. வருகிற வியாழன் போக வேண்டும். பாட்டியிடம் என்ன சொல்வது?

ரோஸ்ஹில்_தமிழாசிரியை எழுதியது:

தம்பி, நான் இந்த மண்ணில் பிறந்தவள், எங்கள் குடும்பம் வந்து ஐந்தாவது தலைமுறை. முருகனைக் கும்பிடுகிறவள், அதையும் சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன். வீட்டில் எங்களுக்குக் கிரியோல்தான். தமிழை நான் பள்ளியிலும், பிறகு மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்திலும் படித்துக் கற்றேன், அதனால் என் தமிழ் கொஞ்சம் புத்தக வாசனை அடிக்கும்.

அந்த அம்மா சொன்னதை நீங்கள் இந்தியத் தமிழ்க் காதால் கேட்டுவிட்டீர்கள். இங்கே ‘தமூல்’ என்பது மொழியின் பெயர் மட்டும் இல்லை, சமயத்தின் பெயரும் அதுதான். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதம் என்ற கேள்விக்கு ‘தமிழ்’ என்று பதில் எழுதுகிற நாடு இது. 1968 அரசியல் சட்டம் மக்களை நான்கு சமூகமாகப் பார்க்கிறது: இந்து, முஸ்லிம், சீன மொரீசியர், இந்த மூன்றிலும் சேராதவர்கள் எல்லாம் பொதுமக்கள். கிறிஸ்தவரான தமிழர் அந்த நான்காவதில்தான் போய்ச் சேருவார். ஆகவே உங்களிடம் அவர் சொன்னதற்கு ‘நீ கோவில்காரன் இல்லையே’ என்றுதான் பொருள். உங்கள் தாயையோ உங்கள் தாய்மொழியையோ அவர் மறுக்கவில்லை.

ஆனால் அதில் ஒரு வலியும் இருக்கிறது, அதை மறைத்தால் நான் உங்களுக்கு நல்லது செய்தவள் ஆகமாட்டேன். கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களிடம் மொழி கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. வீட்டில் போனது, தெருவில் போனது. கடைசியில் தமிழ் தங்கிய இடம் கோவில்தான். அர்த்தம் தெரியாமலே பாட்டைக் காப்பாற்றினார்கள், காவடிக்குப் பத்து நாள் விரதம் இருந்து காப்பாற்றினார்கள். சிலர் மதம் மாறினார்கள், பெயரை மாற்றினார்கள், அதோடு அந்தக் கடைசி நூலும் அறுந்தது. என் பாட்டியின் அக்கா வீட்டார் அப்படிப் போனவர்கள். கல்யாணத்துக்கும் சாவுக்கும் போக்குவரத்து உண்டு, ஆனால் தைப்பூசத்தன்று அவர்கள் வாசலைக் கடக்கும்போது என் பாட்டி அந்தப் பக்கம் பார்க்கமாட்டார். உங்கள் இல்லத்துப் பாட்டிக்கும் அப்படி யாராவது இருந்திருக்கலாம்.

1998இல் புது ரூபாய் நோட்டு அடித்தார்கள். நோட்டில் எழுதியிருக்கும் மொழிகளில் அதுவரை ஆங்கிலத்துக்கு அடுத்து இருந்த தமிழை மூன்றாவது இடத்துக்குத் தள்ளியிருந்தார்கள். நாங்கள் கொதித்துப்போனோம், அந்த நோட்டுகளை அரசு திரும்பப் பெற்றது. தமிழ் படிக்கத் தெரியாதவர்களும் அதற்காகக் குரல் கொடுத்தார்கள் தம்பி. படிக்கத் தெரியாத எழுத்துக்காக ஏன் இந்தப் பாடு என்று வெளியூர்க்காரர் கேட்கலாம். எங்களிடம் மீதி இருந்தது அதுதானே.

பாட்டியிடம் போங்கள். ஒளிந்துகொள்வதுதான் தப்பு. பாட்டுத் தெரியாது என்றால் தெரியாது என்று சொல்லுங்கள். ஜெபப் புத்தகம் மட்டும் கொண்டுபோகாதீர்கள், இதை உங்கள் அக்காவாக நினைத்துச் சொல்கிறேன்.

நெல்லை_சாட்சி எழுதியது:

பிரதர், மனசு கஷ்டமாக இருக்கிறது, ஆனால் எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். நீங்கள் அனுப்பப்பட்டது எதற்கு? எண்பது வயது தாண்டிய ஆத்துமா, இன்னும் எத்தனை வியாழன் கிடைக்கும் என்று தெரியாது. அவர் மனம் நோகுமே என்று சுவிசேஷத்தை வாயில் அடக்கிக்கொண்டு கை பிடித்து உட்கார்ந்துவிட்டு வந்தால் அது சமூக சேவை, அதற்குக் கடல் தாண்டிப் போக வேண்டியதில்லை. நம் முன்னோருக்கு யாரோ ஒருவர் தைரியமாகச் சொன்னதால்தான் நாம் இன்றைக்கு இருக்கிறோம். வெட்கப்படாதீர்கள்.

ரோஸ்ஹில்_தமிழாசிரியை எழுதியது:

நெல்லை அன்பருக்கு: நீங்கள் நம்புவதை நான் மதிக்கிறேன். ஆனால் படுக்கையில் இருப்பவருக்கு எழுந்து போக வழி இல்லை. போக முடியாதவரிடம் போய் மதம் பேசுவதை என்னால் தைரியம் என்று ஏற்க முடியவில்லை. அவர் கேட்டால் சொல்லட்டும்.

மலைப்பங்கு_சாமி எழுதியது:

அன்புள்ள பிரதர், நான் மதுரைப் பக்கத்துக்காரன், பக்கத்துத் தீவான ரியூனியனில் பதினோரு வருடம் இருந்துவிட்டு முட்டி போனதால் ஊர் திரும்பியவன். உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் வருடம் நானே எழுதிய மாதிரி இருந்தது.

உங்கள் அழைத்தலில் குறை இல்லை. மொழி இன்னும் வயிற்றுக்குள் இறங்கவில்லை, அவ்வளவுதான். எனக்குப் பிரெஞ்சில் மனம் அசைய மூன்று வருடம் ஆனது. அதுவரை நான் ஒரு காரியம் செய்தேன்: திருப்பலிக்கு முன் அரை மணி நேரம் தனியாகத் தமிழில் சங்கீதம் வாசிப்பேன், வாய்விட்டு, எங்கள் அம்மா வாசிக்கிற ராகத்தில். அப்புறம் கோவிலுக்குள் போவேன். தமிழில் ஜெபிப்பதைச் சலுகை என்று நினைத்து விட்டுவிடாதீர்கள், சில மேலதிகாரிகள் அப்படி விடச் சொல்வார்கள். வேரை அறுத்துவிட்டு மரத்தை வேறு இடத்தில் நடமுடியாது.

உங்கள் கரைக்கு 1542இல் சவேரியார் வந்தாரே, அவருக்கு என்ன தமிழ் தெரியும்? தமிழும் போர்த்துக்கீசியமும் தெரிந்தவர்களை வைத்து விசுவாசப் பிரமாணத்தையும் கர்த்தர் கற்பித்த செபத்தையும் மொழிபெயர்த்து, மனப்பாடம் செய்துகொண்டு, மணியை ஆட்டிப் பிள்ளைகளைக் கூட்டி ஊர் ஊராகச் சொல்லிக்கொடுத்தார். அவருக்குப் பின்னால் வந்த அந்திரிக் அடிகளார் அதோடு நிற்கவில்லை, உட்கார்ந்து தமிழைப் படித்து, இலக்கணம் எழுதி, 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்ற மறைக்கல்விப் புத்தகத்தை அச்சிட்டு, சாகும் வரை உங்கள் கரையிலேயே இருந்தார். அவர் அப்படிப் படித்ததால்தான் உங்கள் அம்மா இன்று மாதாவோடு தமிழில் சண்டை போடுகிறார். மொரீசியஸில் நீங்கள் இருப்பது அவர் இருந்த இடத்தில். உங்களுக்குக் கொடுக்கப்பட்ட தமிழ் அங்கே கிரியோல்தான்.

நீங்கள் இருக்கிற மண்ணிலேயே ஒருவர் இருக்கிறார், லவால் அடிகளார். நார்மண்டிக்காரர், மருத்துவம் படித்து வைத்தியம் பார்த்தவர், பிறகு குருவானார், 1841 செப்டம்பரில் மொரீசியஸ் தலைநகர் போர்ட் லூயியில் இறங்கினார். அடிமைத்தனம் 1835இல் ஒழிந்திருந்தது, ஆனால் விடுதலையான மக்களை யாரும் மனிதராக எண்ணவில்லை. துரைமார் பேசிய பிரெஞ்சு அவருக்குத் தாய்மொழி, அதை வைத்துக்கொண்டு வசதியாக இருந்திருக்கலாம். அவரோ அந்த மக்களின் கிரியோலைக் கற்று, அதிலேயே எளிய மறைக்கல்வி சொல்லிக்கொடுத்து, அவர்களிலிருந்தே உபதேசியார்களை எடுத்தார். வெள்ளைக்காரர்கள் ஏளனம் செய்தார்கள். 23 வருடம், ஒரு தடவைகூட ஊர் திரும்பவில்லை, 1864 செப்டம்பர் 9இல் அங்கேயே இறந்தார். 1979இல் அருளாளர் பட்டம், அதாவது புனிதர் பட்டத்துக்கு முந்தைய படி, கொடுத்தார்கள். செப்டம்பர் 8 இரவு தீவு முழுக்க மக்கள் நடந்தே போர்ட் லூயி பக்கம் சாந்த் குருவாவில் இருக்கும் அவர் கல்லறைக்குப் போவார்கள், அதில் இந்துக்கள் எத்தனை பேர், முஸ்லிம்கள் எத்தனை பேர் என்று நீங்களே பாருங்கள்.

நெல்லைத் தம்பி கேட்பதும் நியாயமான கேள்விதான், நானும் இளவயதில் அப்படித்தான் பேசினேன். ரியூனியனில் எனக்கு ஒரு மல்பார் குடும்பம் பழக்கம். அங்கே தமிழ் வம்சத்தாரை மல்பார் என்பார்கள். பிள்ளைகள் எல்லாரும் ஞானஸ்நானம் பெற்றவர்கள், முதல் பெயர் புனிதர் பெயர், குடும்பப் பெயர் தமிழ். ஞாயிறு பூசைக்கு முதல் வரிசையில் இருப்பார்கள், தீமிதிக்கு விரதமும் இருப்பார்கள். முதல் வருடம் நான் அந்தப் பெரியவரைக் கடிந்துகொண்டேன். அவர் எதிர்த்துப் பேசவில்லை, அடுத்த ஞாயிறு வரவில்லை, அடுத்ததும் வரவில்லை. அவர் வீட்டுப் படியேறி மன்னிப்புக் கேட்க எனக்கு எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதத்தில் அவர் மனைவி இறந்துபோனார், எனக்குச் சொல்லி அனுப்பவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் தூக்கம் வராது.

ஆகவே போய் உட்காருங்கள் பிரதர். இரண்டு வியாழன் விட்டால் மூன்றாவது கஷ்டம்.

நாஞ்சில்_மருமகள் எழுதியது:

பிரதர், நான் நாகர்கோவில், கல்யாணம் ஆகி வந்து ஒன்பது வருஷம், உங்களுக்கு ரொம்பப் பக்கத்தில் பீனிக்ஸில்தான் இருக்கிறோம். பெரிய விஷயமெல்லாம் மேலே சொல்லிவிட்டார்கள், நான் சின்ன விஷயம் சொல்கிறேன்.

சனிக்கிழமை சந்தைக்குப் போங்க. கொத்தமல்லியை இங்கே ‘கோத்தோமிலி’ என்பார்கள், கறிவேப்பிலை ‘காரிப்பூலே’, பீர்க்கங்காய் ‘பிபாங்காய்’, முருங்கைக் கீரை ‘ப்ரேட் மூரூம்’, ரசம் ‘ரசோன்’. காய் விற்கிற கிரியோல்காரரும் சீனக் கடைக்காரரும் அதைத்தான் சொல்கிறார்கள். நான் வந்த புதுசில் அழுதுகொண்டே சந்தைக்குப் போவேன், அந்தச் சத்தத்தைக் கேட்டதும் நின்றுவிடுவேன். பாட்டிக்கு இருபது முப்பது சொல்தான் தெரியும் என்று எழுதியிருந்தீங்க, சமையல்கட்டுச் சொல்லைக் கேட்டுப் பாருங்க, நிறைய வரும்.

அங்கி காய மெட்ரோ ஸ்டேஷன் பக்கம் உலர்த்துகிற மெஷின் கடை கேட்டுப் பாருங்க, இல்லாவிட்டால் இங்கே கொண்டு வாங்க. அம்மாவுக்குப் பேசும்போது அங்கே ஒன்றரை மணி நேரம் முன்னால் என்பதை மறக்காதீங்க, ராத்திரி ஒன்பதுக்குக் கூப்பிட்டால் அவர்களுக்குப் பத்தரை, தூக்கத்தில் எழுந்து பேசுகிற அம்மா நன்றாக இருக்கிறேன் என்று மட்டும்தான் சொல்வாள். ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருவிழா அன்றைக்கு எங்கள் வீட்டில் சாப்பாடு, மீன் குழம்பு தேங்காய் அரைத்துத்தான் வைப்பேன், கட்டாயம் வாங்க.

முத்துக்கரை_பிரதர் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. டீச்சர் அக்கா, நீங்கள் எழுதிய அன்றைக்கு இரவு எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது, மறுநாள் திரும்பப் படித்தபோதுதான் உங்கள் பாட்டி வாசலைப் பார்க்காமல் போனது புரிந்தது. ஃபாதர், சங்கீதம் ஆரம்பித்துவிட்டேன், ஐந்து நாளாகிறது. பிரெஞ்சுப் பூசை இன்னும் பழையபடிதான், ஆனால் கோவிலுக்குள் நுழையும்போது கை வெறுமையாக இல்லை. நெல்லை அண்ணனுக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. சொல்லாமலே இருந்துவிடுவேனோ என்ற பயம் எனக்கும் உண்டு, அதையும் ஜெபத்தில் வைத்திருக்கிறேன்.

இன்றைக்கு வியாழன், போனேன். சந்தையில் ஒரு கட்டுக் கொத்தமல்லி வாங்கி, பார்வை குறைவு என்பதால் பாட்டி கையில் கொடுத்தேன். முகர்ந்து பார்த்து “கோத்தோமிலி” என்றார். நான் கொத்தமல்லி என்றேன். அவர் திருப்பிச் சொன்னார். அப்புறம் நாகர்கோவில் அக்கா சொன்னது போலவே கொட்ட ஆரம்பித்தது: ரசோன், காரிப்பூலே, அப்புறம் அவர் அம்மா இட்லிக்குச் சொன்ன ஒரு சொல், அது எனக்கே பிடிபடவில்லை. முருகன் பாட்டு எனக்குத் தெரியாது பாட்டி, என் வீட்டில் மாதா பாட்டுத்தான் என்று கிரியோலில் சொன்னேன். அதைப் பாடு என்றார். தாலாட்டு மாதிரி எங்கள் ஊரில் கிறிஸ்துமஸுக்குப் பாடுவது ஒன்று, மெதுவாகப் பாடினேன். சொல் ஒன்றும் புரிந்திருக்காது. ‘அம்மா’ என்று வரும் இடத்தில் மட்டும் என் விரலை அழுத்தினார்.

கிளம்பும்போது தலையணைக்கு அடியிலிருந்து ஒரு 25 ரூபாய் நோட்டை எடுத்து, ‘பேர் லவால்’ (லவால் அடிகளாரை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) கல்லறையில் என் பெயரில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்று என்றார். வருடா வருடம் செப்டம்பரில் நடந்தே போனவராம், கோவிலுக்குப் போவது போலத்தான் அங்கேயும் போயிருக்கிறார், சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் கோவில் அந்தப் பக்கம்தானே, இரண்டையும் முடித்துவிட்டுத்தான் வீடு திரும்புவாராம். கால் போனபின் ஆறு வருடமாகப் போகவில்லை. நோட்டை வாங்கிக்கொண்டேன். இதில் தமிழ் எழுதியிருக்கிறதாமே, எங்கே, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். அவர் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்து வாசித்துக் காட்டினேன். இன்னொரு தரம் வாசி என்றார்.

செப்டம்பர் 8 நடக்கப்போகிறேன், எங்கள் சபை வீட்டில் அனுமதி கொடுத்துவிட்டார்கள். கியூர்பிப்பிலிருந்து சாந்த் குருவாவுக்கு எப்படியும் இருபது கிலோமீட்டருக்குக் குறையாது. முன்பு நடந்து போனவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், எத்தனை மணிக்குக் கிளம்பினால் விடிவதற்குள் போய்ச் சேரலாம்? மழை வந்தால் வழியில் ஒதுங்க இடம் இருக்குமா?